வேண்டாம்காரர்

நாஞ்சில் நாட்டில் நெல் எவ்வளவு விளைகிறது, வாழை எவ்வளவு விளைகிறது என்பதற்கெல்லாம் தாலுகா கச்சேரியில் கணக்கு இருக்கிறது. வேண்டாம்காரர்கள் எத்தனை பேர் விளைகிறார்கள் என்பதற்கு மட்டும் இல்லை. எடுக்கவும் முடியாது. கணக்கெடுக்க வருகிறவருக்கு ஒரு தம்ளர் மோரை நீட்டினால், பட்டியலில் முதல் பெயராக அவரே சேர்ந்துவிடுவார்.

வேண்டாம்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நேற்றுக்கூட உங்கள் வீட்டுக்கு வந்திருப்பார். கோட்டாற்றிலிருந்து உச்சி வெயிலில் நடந்தே வந்து, துண்டால் கழுத்தைத் துடைத்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, அடுக்களையிலிருந்து வரும் காப்பி மணத்தை மூக்கு மட்டும் எழுந்துபோய் விசாரித்துவிட்டு வர, நீங்கள் ‘ஒரு வாய் காப்பி குடிக்கலாமே’ என்றதும் பதறி, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ‘வேண்டாம் வேண்டாம், இப்பம்தான் குடிச்சிட்டு வாறேன்’ என்பார். எங்கே குடித்தார்? வழியில் கடையே கிடையாது.

நான் இயந்திரம் படித்தவன். எதையும் ஒரு படம் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு விளங்கும். அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் அடிக்குக் காற்று வரும். இரண்டாம் அடிக்கு ஒரு முனகல். மூன்றாம் அடிக்குத் தண்ணீர். வேண்டாம்காரரின் அமைப்பும் இதுவே. முதல் வேண்டாம் உரக்க வரும், ஒரு காரணத்தோடு வரும். இரண்டாவது தணிந்து வரும், காரணம் தீர்ந்துபோயிருக்கும், ‘ஒங்களுக்கு எதுக்கு சிரமம்’ என்பது மட்டும் மிஞ்சும். மூன்றாவதற்கு வார்த்தை கிடையாது. தொண்டையில் ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்குள் தம்ளர் அவர் கையில் இருக்கும். பந்தியில் இலைமேல் கவிழ்த்து மறைக்கிற அவருடைய கையைக் கவனியுங்கள். விரல்கள் அகன்றே இருக்கும். பாயசம் இறங்க அந்த இடைவெளி போதும்.

சாப்பாட்டோடு நின்றால் பரவாயில்லை. சங்கத் தலைவர் பதவி வேண்டாம் என்பார். சொல்லும்போதே தலை மாலைக்கு வாகாகக் குனிந்திருக்கும். மகனுக்குப் பெண் கேட்டு வருவார். ‘எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், ஒங்க பிள்ளைக்கு நீங்க செய்யப் போறிய’ என்பார். இதை முதல் தடவையோடு நம்பி வீட்டுக்குள் நிம்மதியாகப் போன ஒரு தகப்பனார் எங்கள் தெருவில் இருந்தார். அவர் பெண்ணுக்கு அடுத்த வருஷம்தான் வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது.

இந்த இனத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் வளர்ந்தது அதன் வீட்டில்.

என் அப்பா தாணுலிங்கம் ஒரு விமானக் கம்பெனியின் உணவுப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். பெரிதாக எண்ணிவிட வேண்டாம். மதராஸுக்கு விமானம் கிளம்புவது திருவனந்தபுரத்தில். அதில் போகிறவர்களுக்கான சாப்பாடு நாற்பது மைல் தள்ளி, நாகர்கோவில் வடசேரியில், ஓர் ஓட்டு வீட்டில் தயாரானது. காரணம், கம்பெனியின் திருவனந்தபுரத்து மானேஜர் ஒருமுறை இங்கே ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டிருந்தார். எனக்குத் தெரிந்து வேறு காரணம் இல்லை. பிரிவில் அப்பாவையும் சேர்த்து நாலு பேர். சமையலுக்குச் சிவதாணு, பெட்டி கட்டப் பிச்சம்மாள், வேன் ஓட்டப் பொன்னுலிங்கம்.

ஆறு மணிக்கு அடுப்பு எரியும். எட்டரைக்கு வேன் புறப்படும். டக்கோட்டா விமானத்தில் இருபத்தொரு இருக்கை. ஆகவே இருபத்தொரு அட்டைப்பெட்டி. ஒவ்வொன்றிலும் வாட்டிய இலை விரித்து, புளிச்சோறு, இரண்டு உளுந்த வடை, ஏத்தன் வாழைக்காய் வற்றல், இனிப்புக்கு ஒரு முந்திரிக்கொத்து. ஒழுகுகிற பண்டம் எதுவும் கூடாது என்பது விதி. ஆரம்பத்தில் ஒருமுறை எரிசேரிக் கூட்டு அனுப்பிப் பார்த்தார்கள். மலைக்கு மேலே விமானம் குலுங்கியதில் அது ஒரு ஜட்ஜின் சட்டையில் போய் உட்கார்ந்தது. அன்றோடு விட்டார்கள்.

பெட்டி கட்டுமுன் உப்புப் பார்க்க வேண்டியது தலைவரின் பொறுப்பு. தினமும் நடக்கும்.

“அண்ணாச்சி, ஒரு வடை எடுத்துப் பாருங்க.”

“வேண்டாம்டே. வயிறு சரியில்ல.”

“உப்புப் பாக்கணும்லா.”

“நீ போட்டா சரியாத்தான் இருக்கும்.”

“பாதி பாருங்க.”

பாதி போகும். மீதிப் பாதியைத் தனியாக விடுவது முறையல்ல என்று அதுவும் போகும். உப்பு சரியாக இருக்கிறது என்று பதிவேட்டில் கையெழுத்து விழும்.

இப்படி ஐந்து வருஷம் போனது. ஐம்பத்திரண்டில் விமானத்துக்குக் கிளாரா என்ற பணிப்பெண் வந்தாள். பெங்களூர்க்காரி. நல்ல பெண், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். தொந்தரவு அங்கேதான் தொடங்கியது. அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் சுசீந்திரத்துக்காரர். அவர் யாரையும் எதுவும் கேட்டதில்லை. பெட்டியை மடியில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். கிளாரா முறைப்படி கேட்டாள்: “சாப்பாடு வேணுமா சார்?”

வேணுமா என்றால் என்ன அர்த்தம்? வேணும் என்று சொல் பார்ப்போம் என்பதுதானே? பெரிய மனிதர் ஒருவர், அதுவும் வேட்டி சலவை மடிப்புக் கலையாமல் விமானத்தில் உட்கார்ந்திருக்கிறவர், பால்குடிப் பிள்ளை மாதிரி வேணும் என்று வாய்விட்டுக் கேட்பாரா? நெல் வியாபாரி, வக்கீல், தேயிலைத் தோட்டக்காரர், ஹைகோர்ட்டில் வழக்கு நடத்தப் போகிற மிராசுதார் என்று அத்தனை பேரும், சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் வாங்கியிருக்கிறோம் என்று நன்றாகத் தெரிந்தவர்கள், ‘வேண்டாம்மா’ என்று சொல்லிவிட்டு, இரண்டாவது கேள்வி வருவதற்காகக் கழுத்தைச் சற்றே திருப்பி வைத்துக்கொண்டார்கள். கிளாரா அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். மதராஸ் வரைக்கும் கழுத்து அப்படியே இருந்தது.

சாப்பிடாத பெட்டிகளைக் கணக்குக்காகத் திருப்பி அனுப்ப வேண்டும். மறுநாள் பதினாறு பெட்டி வந்தது.

பிச்சம்மாள் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். “கனம் கொறையல்லியே அண்ணாச்சி. நான் போட்ட முடிச்சு போட்டபடியே இருக்கு.”

“எல்லாம் ஒம்ம புளிச்சோறுதான்வே” என்றார் பொன்னுலிங்கம், சிவதாணுவிடம். “ஆகாசத்துல போனா புளிப்பு கூடுமாம்.”

“நீரு போயிப் பாத்தீரோ?”

“நான் எங்க போக? சோறுதான் தெனமும் போயிட்டு வருதே.”

அப்பா புளியைக் குறைக்கச் சொன்னார். பதினேழு பெட்டி வந்தது. கூட்டச் சொன்னார். பதினெட்டு. வடைக்கு மிளகு போட்டார்கள், எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள். வாழ்நாளில் ஒரு பண்டத்தைக்கூட முதல் தடவையில் வாங்கிச் சாப்பிடாத மனிதர், இத்தனை பேர் ஏன் வாங்கவில்லை என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். கண்ணாடியில் பார்த்திருந்தால் போதும். ஆனால் அந்த வேலைக்குக் கண்ணாடியை யார் எடுக்கிறார்கள்?

பம்பாய்த் தலைமை ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. இந்த நிலையத்துப் பயணிகள் உணவை விரும்புவதில்லை என்று புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. வரும் முதல் தேதியிலிருந்து ஆளுக்கு நாலு பிஸ்கட் கொடுத்தால் போதும். உணவுப் பிரிவு மூடப்படும். அதற்குமுன் அதிகாரி ஒருவர் விமானத்தில் உடன் சென்று நேரில் பார்ப்பார். பிரிவுத் தலைவரும் கூட வரவேண்டும்.

நாலு குடும்பத்துச் சோறு. சிவதாணுவுக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் மூன்று. பிச்சம்மாளுக்கு அவளைத் தவிர யாரும் இல்லை. எனக்குத் தொழில்நுட்பப் படிப்பில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

அதிகாரியோடு போன அந்த நாள் வரை அப்பா விமானம் ஏறியதில்லை. அன்று காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், பெட்டிகளை அவரே வேனில் ஏற்றி, அவரே இறக்கினார். விமானத்தில் பம்பாய் அதிகாரிக்குப் பக்கத்து இருக்கை. மேலே போய்ச் சமநிலைக்கு வந்ததும் கிளாரா பெட்டிகளோடு புறப்பட்டாள். முன் வரிசைகளைக் கடந்து அப்பாவிடம் வந்து குனிந்தாள்.

“சாப்பாடு வேணுமா சார்?”

அவர் பக்குவம் சொன்ன புளிச்சோறு. அவர் நின்று கட்டவைத்த பெட்டி. அதற்குள் நாலு குடும்பம் இருந்தது. பக்கத்தில் நோட்டுப் புத்தகம் திறந்திருந்தது. இவ்வளவும் தெரிந்தவர் சொன்னார்:

“வேண்டாம் மக்களே. இப்பம்தான் சாப்பிட்டேன்.”

அதிகாரி எழுதினார். சமைக்கிற பிரிவின் தலைவரே சாப்பிட மறுத்தார்.

கிளாரா நகர்ந்தாள். அப்பா கழுத்தை அரை அங்குலம் திருப்பி இரண்டாவது கேள்விக்குக் காத்திருந்தார். அப்படித் திரும்பியிருந்தபோதுதான் முன்னால் ஏழு கழுத்துகள் அதே கோணத்தில் திரும்பியிருப்பதைக் கண்டார்.

இந்தக் கட்டத்தை அப்பாவே எனக்குச் சொன்னார், நான் மூன்றாம் தடவை கேட்டபிறகு. எழுந்தாராம். இடுப்பு வார் பிடித்து இழுத்ததாம். அவிழ்த்துவிட்டு மறுபடி எழுந்து, கிளாராவின் கையிலிருந்த பெட்டிகளை வாங்கிக்கொண்டு, மேல்துண்டை இடுப்பில் கட்டி, ஆகாசத்தில் பந்தி விசாரிக்கப் புறப்பட்டாராம். முதலில் அகப்பட்டவர் தோவாளைப் பூ வியாபாரி குமாரதாஸ்.

“வேண்டாம் அண்ணாச்சி. வயிறு மந்தம்.”

“மந்தத்துக்குப் புளிச்சோறு நல்லதாக்கும்.”

“வேண்டாம்ணேன்லா. ஒங்களுக்கு எதுக்கு...”

“தின்னாண்டாம். சும்ம மடியில இருக்கட்டும். பாத்துக்கிட்டு இரும்.”

குமாரதாஸ் பார்த்துக்கொண்டிருந்தார். திருச்சி வருவதற்குள் இலையில் பார்க்க ஒன்றும் இல்லை. இருபது பெட்டியின் முடிச்சும் அவிழ்ந்தது. கடைசிப் பெட்டியை அப்பா அதிகாரியிடம் நீட்டினார். அவர் நன்றி சொல்லி மறுத்தார். அப்பா விடவில்லை. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. சாப்பிட்டவர் முந்திரிக்கொத்தை மட்டும் இன்னொன்று கேட்டார். தாமாக, ஒரே தடவையில், வாய்விட்டு. அப்பாவுக்கு அது கொஞ்சம் கூச்சமாக இருந்ததாம்.

மதராஸில் இறங்கியதும் அதிகாரி பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். இந்தத் தடத்தில் ஒவ்வொரு பயணியையும் மூன்று முறை கேட்க வேண்டும். உணவுப் பிரிவு நீடிக்கும். பிறகு அப்பாவைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். கிளாரா தமிழில் சொன்னாள்.

“பழைய ஆர்டர்ல உங்க போஸ்ட் போயிடுச்சு. இப்போ புதுசா ஆர்டர் போடணும். நீங்களே ஹெட்டா இருக்கீங்களான்னு கேக்கறார்.”

அப்பா கும்பிட்டார். “எனக்கெதுக்கு மக்களே? வயசும் ஆயிட்டு. வேற நல்ல ஆளாப் பாக்கச் சொல்லு.”

அதிகாரி கை குலுக்கிவிட்டுப் போனார். மூன்று முறை கேட்க வேண்டும் என்று எழுதிய மை இன்னும் காயவில்லை. ஆனால் அது பயணிகளுக்கு. ஊழியர்களுக்கு என்று எழுதவில்லை.

பத்தாம் நாள் ஆர்டர் வந்தது. பிரிவுத் தலைவர், சிவதாணு.

“வேண்டாம்னு எதுக்குச் சொன்னிய?” என்று அம்மா கேட்டாள்.

“ஒரு தடவதானே கேட்டான்.”

“ஒரு தடவையில சரின்னு சொன்னா நாக்கு வெந்துருமா?”

“நான் என்ன அலஞ்சா கெடக்கேன்?”

அதன்பிறகும் அவர் பம்பாயின் இரண்டாவது கடிதத்துக்குக் காத்திருந்தார். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே சட்டையைப் போட்டுக்கொள்வார். பம்பாய்க்கு இரண்டு என்ற எண் தெரியாது. ஒரு மாதம் கழித்துச் சிவதாணு வீட்டுக்கு வந்தார்.

“அண்ணாச்சி, பம்பாய்க்கு அனுப்புற பாரமெல்லாம் பாத்தா எனக்குத் தல சுத்துது. பொட்டி கட்ட இன்னொரு ஆளு வச்சுக்கிடலாம்னு சொல்லியிருக்கான். நீங்க வந்து கூட இருங்க.”

“வேண்டாம்டே. ஆர்டர் உன் பேருக்குலா வந்திருக்கு.”

“நீங்க வரணும்.”

“ஒனக்கு எதுக்கு சிரமம்?”

“வாங்க அண்ணாச்சி.”

அப்பா சட்டையை எடுத்தார். தாம் தலைவராக இருந்த இடத்தில் பெட்டி கட்டுகிற ஆளாக இரண்டு வருஷம் வேலை பார்த்தார். என் கடைசி வருஷப் படிப்பு அதில் முடிந்தது. தாமே கட்டுகிற பெட்டிகளுக்குத் தாமே உப்புப் பார்ப்பதில்லை. அது தலைவர் வேலை என்பார். சிவதாணு பாதி வடையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

நான் படித்து முடித்து, வடக்கே ஓர் அணைக்கட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். இந்த வருஷம் மாசியில் அப்பாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. மேலுக்குச் சுகமில்லை, பெரிதாக ஒன்றும் இல்லை, லீவு போட்டுக்கொண்டு நீ வர வேண்டாம். கையெழுத்து தெளிவாக இருந்தது. வாசகத்தில் குழப்பம் எதுவும் இல்லை. மருந்தை வேளை தவறாமல் சாப்பிடும்படி நான் பதில் போட்டேன். அடுத்து வந்தது தந்தி.

ஆகவே இந்த இனத்தில் இரண்டு பிரிவு என்று திருத்திக்கொள்கிறேன். வேண்டாம் என்கிறவர் ஒன்று. அதை அப்படியே நம்பிவிட்டு அடுத்த வரிசைக்குப் போகிறவர் மற்றொன்று. முதல் பிரிவைச் சோறும் பாயசமும் காட்டிக் கொடுத்துவிடும். இரண்டாவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பார்க்க நல்லவர்களாக இருப்பார்கள், படித்திருப்பார்கள், சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வார்கள்.

நீங்கள் எந்தப் பிரிவு? இரண்டிலும் இல்லை என்கிறீர்கள். சரி. இது முதல் தடவை.