காற்றுத் துவக்கும் கடைசிப் பேரிக்காயும்

மூன்றாவது முறையாகவும் ஸ்கோப் துவக்கில் உட்கார மறுத்தது.

"ஒரு மில்லிமீற்றர்தான் அண்ணை. முன்வாய் குழலில இடிக்குது," என்றார் கிருஷ்ணராசா. ஆணி திருகும் திருப்புளி அவர் காதில் பென்சில்போல் செருகியிருந்தது.

"அப்ப குழலை அராவுவமோ?" என்று செபமாலைமுத்து கேட்டார்.

"விசர்க்கதை கதையாதேங்கோ."

துவக்கு சாப்பாட்டு மேசையில் கிடந்தது. காற்றின் விசையில் சின்ன ஈயச் சன்னத்தைத் தள்ளும் சாதுத் துப்பாக்கி. மேசைக்கு மேலே சுவரில், செபமாலைமுத்துவின் மனிசி பிலோமினம்மா படத்துக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிற நவம்பரோடு அவள் போய் ஒரு வருடம். அவள் இருந்திருந்தால் இந்தச் சாமான் சட்டன் நகரத்து இந்த வீட்டு வாசல்படியைத் தாண்டியிராது. துவக்குக்குப் பயந்து மன்னாரில் இருந்து ஓடி வந்த மனிசன் லண்டனில் துவக்கு வாங்கினான் என்றால் ஊர் வாயால் சிரிக்காது.

கடைக்காரன் நல்ல மனிதன். தோட்டத்து அணிலுக்கு நாலு மடங்கு பெருக்குகிற சின்ன ஸ்கோப் போதும் என்றுதான் சொன்னான். துணைக்குப் போன கூட்டாளி கிருஷ்ணராசா அவனைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார். லண்டனுக்கு வருமுன் பன்னிரண்டு வருடம் சுவிஸில் இருந்தவர். அங்கே கிராமத்துச் சூட்டுக் கிளப்பில் முந்நூறு மீற்றருக்குச் சுடுவார்களாம். ஆகவே முந்நூறு மீற்றருக்கு ஏற்ற ஸ்கோப் வாங்கியாயிற்று. தோட்டத்துப் பேரிக்காய் மரம் பதினைந்து மீற்றரில் நின்றது. ஸ்கோப்பினூடாகப் பார்த்தால் மண்ணிறப் புகைமூட்டம் ஒன்றுதான் தெரிந்தது. கிளப்பில் கிருஷ்ணராசா சுட்டதைவிடக் குசினியில் கோப்பி ஊற்றியதே கூட என்பது பிறகுதான் வெளியே வந்தது.

"எல்லாம் ஒரு பேரிக்காய்ச் சட்னிக்கோ அண்ணை?"

"ஓம். சட்னிக்குத்தான்."

சட்னியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. விஷயம் மகள் பெர்னடெற்.

ஆறு வருடத்துக்கு முன் அவள் ஒரு சைவப் பெடியனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். செபமாலைமுத்து, "இனி இந்த வாசலை மிதியாதை," என்றார். சின்ன வயதில் சொன்ன ஒன்றையும் கேட்காத பிள்ளை, அதை மட்டும் கேட்டாள். தாயின் அடக்கப் பூசைக்கு வந்தவள், கையில் பிடித்த குழந்தையோடு கோவிலின் கடைசி வாங்குப் பலகையடியில் நின்றுவிட்டுப் போய்விட்டாள். முன்வாங்கில் தனியாக இருந்தவருக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்த வெட்கம் இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

ஆண்டுப் பூசைக்காவது அவள் தன் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு அவரே அவள் இருக்கிற ஹரோவுக்குப் போய்க் கூப்பிட வேண்டும். ஆனால் பிள்ளை வீட்டுக்கு முதல்முறை போகிறவன் வெறுங்கையோடு போக முடியுமா? கடைப்பழத்தை நீட்டினால் மானம் போகும். பெர்னடெற் சின்னனில் இந்த மரத்தடியிலேயே வளர்ந்தவள். பழுக்க முதலே கடித்துவிட்டு வயிற்றுக்குத்து என்று அழுவாள். இந்த மரத்துப் பழத்தோடு போனால் வாய் திறக்கத் தேவையில்லை.

அதற்குத்தான் அணில் விடவில்லையே. வருடா வருடம் ஆவணியில் மரம் காய்த்துக் குலுங்கும். தபால் பிரிக்கிற வேலையால் பின்னேரம் வந்து பார்த்தால் பாதி மரம் மொட்டை.

"அணில்," என்பாள் பிலோமினம்மா.

"ஒரு துவக்கு வாங்கட்டோ?"

"இஞ்சாருங்கோ, விடுங்கோ. அதுக்குக் குட்டியும் ஒண்டு இருக்குது. பாவம், தின்னட்டும்."

மனிசியின் இரக்கம் அப்படி. இந்த வருடம் இரக்கப்பட ஆளில்லை. மரத்தில் நாற்பத்துமூன்று காய் நின்றது. எண்ணி வைத்திருந்தார்.

குழலில் இடித்ததற்குக் கிருஷ்ணராசா உயரமான வளையங்கள் வாங்கி மாட்டினார். இப்போது ஸ்கோப் ஒட்டகத்தில் ஏறிய ஆள்போல் நின்றது. கண்ணை அதற்கு உயர்த்தினால் கன்னம் அந்தரத்தில் தொங்கியது.

"கன்னத்துக்கு ஒரு மெத்தை கட்டவேணும். சுவிஸில எல்லாரும் கட்டுறவை," என்றபடி கிருஷ்ணராசா குசினிக் கதவில் தொங்கிய துணிப்பையை எடுத்து மடித்தார்.

"அதை வை."

குரல் மாறியதில் கிருஷ்ணராசா திடுக்கிட்டார். பழைய திரைச்சீலையில் பிலோமினம்மா தைத்த நீலப்பூப் பை அது. செவ்வாய் தவறாமல் செபப்புத்தகத்தை அதற்குள் போட்டுக்கொண்டு அந்தோனியார் நவநாளுக்குப் போவாள். காலையில் போனால் பின்னேரம்தான் வருவாள். பக்தி கூடிய மனிசி.

செபமாலைமுத்து படத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, கட்டு. கசங்காமல் கட்டு," என்றார்.

கட்டியதும் கன்னத்தைப் பதித்தார். தைலமும் ஏதோ பழமும் கலந்த வாசம் வந்தது. அவளுடைய வாசம்தான். தோள் கொஞ்சம் குலுங்கியது.

"ஒண்டும் தெரியேல்லை. மங்கலாக் கிடக்கு."

"பொறுங்கோ அண்ணை, ஸ்கோப்பைத் திருப்புறன்," என்று கிருஷ்ணராசா முன்வளையத்தைத் திருகு திருகென்று திருகினார். பாவம், புகைமூட்டம் விலகிய பிறகும் நின்ற மங்கல் ஸ்கோப்பின் பிழை இல்லை.

அடுத்தது குறி. தோட்டத்துக் கடைசியில், செங்கல் சுவருக்கு முன், மரத்தடியில் ஒரு பிஸ்கற் ரின்னை நிறுத்தினார்கள். முதல் சன்னம் மண்ணில் இறங்கியது.

"கீழ போகுது. பத்துக் கிளிக் மேல ஏத்துறன்."

அடுத்ததும் மண்.

"இன்னும் இருபது."

மூன்றாவது சன்னத்துக்கு ஒரு பேரிக்காய் பொத்தென்று விழுந்தது.

"கொஞ்சம் கூடிப்போச்சு. ஆனா நடுவில பட்டிருக்கு அண்ணை, பாருங்கோ."

அடுத்த சூட்டில் துவக்கின் உதைப்பில் ஸ்கோப் பின்னுக்கு வழுக்கி வந்து செபமாலைமுத்துவின் புருவத்தைப் பிளந்தது. வழுக்காமல் இருக்கக் கிருஷ்ணராசா ஆணியை இறுக்கினார். இறுக்கிய இறுக்கில் ஆணியின் தலை தேய்ந்து போனது. தேய்ந்த ஆணிக்குப் பசை ஊற்றினார். பசை காய்ந்தபோது ஸ்கோப் சரிவாகக் காய்ந்திருந்தது.

"உள்ளுக்குக் குறி பார்க்கிற சிலுவை சரிஞ்சு நிக்குது, கிருஷ்ணராசா."

"தலையைச் சரிச்சுப் பிடியுங்கோ."

சிலுவையை நிமிர்த்தத் தலையைச் சரிக்கிற கிறிஸ்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டு சுட்டார். இரண்டு காய் விழுந்தது.

மூன்று ஞாயிறு இப்படிப் போயிற்று. ஒவ்வொரு திருத்தத்துக்கும் மரம் காணிக்கை கொடுத்தது. விழுந்ததைப் பொறுக்கிக் கொண்டுபோகலாம் என்றார் கிருஷ்ணராசா. ஈயம் குடித்த பழத்தைக் குழந்தை உள்ள வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா? செபமாலைமுத்து அவற்றைக் குழி வெட்டித் தாட்டார்.

ஒரு புதுமை மட்டும் நடந்தது. இந்த வருடம் அணில் ஒரு காயைக்கூடத் தொடவில்லை.

"துவக்கைக் கண்டு பயந்திட்டுது," என்றார் கிருஷ்ணராசா.

"ஓம், பயம்தான்," என்றார் செபமாலைமுத்துவும். வீட்டுக்கு ஒரு காவல் கிடைத்த திருப்தி.

நாலாவது ஞாயிறு குறி சரிவந்தது. பத்துச் சன்னமும் ரின்னின் நடுவில். கிருஷ்ணராசா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். மரத்தில் ஒரே ஒரு பேரிக்காய் மிஞ்சியிருந்தது.

அன்றைக்கென்று பார்த்து அணில் வந்தது. கொழுத்த சாம்பல் அணில். கிளைவழியே ஓடி அந்தக் கடைசிக் காயின் அருகில் குந்தியது. செபமாலைமுத்து பையில் கன்னத்தை வைத்தார். சரிந்த சிலுவைக்குள் அணில் அசையாமல் இருந்தது. விரல் விசைக்குப் போனது.

அதுக்குக் குட்டியும் ஒண்டு இருக்குது. பாவம்.

விரல் நின்றுவிட்டது. அணில் காயை ஒருமுறை முகர்ந்து பார்த்தது. பிடிக்கவில்லைப் போலும், கடிக்காமலே பக்கத்து வீட்டில் குருவிகளுக்குக் கட்டிய கொட்டைக் கூண்டுக்குத் தாவிப் போனது. "அவளுக்காக விட்டிட்டன், போ," என்று அதற்குச் சொல்லிவிட்டு, அவர் துவக்கில் இருந்து பையை அவிழ்த்துத் தண்ணீர் தெளித்து மடிப்பெடுத்தார்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டார். விக்ரோறியாவில் ரயில் இறங்கி, பிறகும் ஒருமுறை மாறி மெற்றோபொலிற்றன் லைன் பிடித்து, மடியில் நீலப்பூப் பையும் அதற்குள் ஒற்றைப் பேரிக்காயுமாக ஹரோவுக்குப் போனார். வழிநெடுகச் சொல்ல வேண்டிய வசனங்களைப் பாடமாக்கினார். மணியை அழுத்தியதும் எல்லாம் மறந்துபோயின.

பெர்னடெற் கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். தாயின் நெற்றி. அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுத் துஷ்யா எட்டிப் பார்த்தாள்.

பிளந்த புருவத்தோடு நின்ற கிழவர் பையை நீட்டினார்.

"மரத்தில நிறையக் காய்ச்சது பிள்ளை," என்றார். "அணில் எல்லாத்தையும் திண்டிட்டுது. இது ஒண்டுதான் மிஞ்சினது."

பெர்னடெற் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பையையே பார்த்தாள். கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

துஷ்யா பையை வாங்கி உள்ளே பார்த்தாள். அடிவரை கையை விட்டுத் துழாவினாள். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு தாயிடம் கேட்டாள்:

"அம்மா, அம்மம்மா ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இந்தப் பை நிறையப் பேரிக்காய் கொண்டு வருவாவே, இவர் ஏன் ஒண்டே ஒண்டு கொண்டு வந்திருக்கிறார்?"