அம்பலவாணர் பூட்டிய புத்தகம்

‘வாசிப்பே ஒரு சமுதாயத்தின் உயிர்மூச்சு!’

1958ஆம் ஆண்டில் இந்தப் பேருண்மையை அம்பலவாணர் தம் கைப்பட எழுதி, பல்கலைக்கழக நூலகத்தின் தமிழ்ப் பிரிவில் மாட்டியிருந்தார். அதன் கீழே மூன்று மாணவர்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி அங்கேதான் இருந்தது.

உதவி நூலகரான அவருக்குத்தான் தூக்கம் போய்விட்டது. இந்த மாதத்துக்குள் முப்பது பேராவது தமிழ்ப் புத்தகம் எடுக்காவிட்டால் பிரிவை மூடிவிட்டு, அவரைக் கீழ்த்தளத்தில் பழைய பத்திரிகை அடுக்க அனுப்பப் போவதாகத் தலைமை நூலகர் குணமணி சொல்லியிருந்தார்.

முதலில், அம்பலவாணர் வாசிப்பின் பயன் பற்றி முக்கால் மணி நேரம் சொற்பொழிவாற்றினார். தூங்கியவர்கள் எழுந்து கேன்டீனுக்குப் போய்விட்டார்கள்.

“இருந்த மூணு பேரையும் விரட்டிட்டீங்களே ஐயா,” என்றார் புத்தகங்களுக்கு அட்டை போடும் ரவூப்.

அடுத்து, எவரும் தொடாத அறுநூறு பக்க உரைநூல் ஒன்றைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். ‘மாணவர்களுக்கு ஏற்றதல்ல. கேட்டால் அரை நாள் மட்டும் தரப்படும்’ என்று எழுதி ஒட்டினார்.

மறுநாள் வாசலில் வரிசை.

“சார், தேக்காவுலேர்ந்து முதல் பஸ்ஸுல வந்திருக்கேன். எனக்குக் கொடுங்க லா!”

“மூணாவது அத்தியாயம் இருக்கே... சொல்லவே கூச்சமா இருக்குடா,” என்றான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவன். வரிசை இன்னும் நீண்டது.

இருபத்தெட்டு பேர் ஆயிற்று. இன்னும் இரண்டே பேர். அப்போதுதான் தமிழ் விரிவுரையாளர் சிவகாமசுந்தரி, குணமணியின் அறைக்குள் புயலாக நுழைந்தார்.

“இந்த ஆபாசத்தையா பிள்ளைங்க கையில கொடுக்கிறீங்க? நூத்தி இருபத்திரண்டாம் பக்கத்தைப் படிச்சதிலேர்ந்து ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல!”

அம்பலவாணர் அழைத்து வரப்பட்டார். ஆபாசம் என்று ஒப்புக்கொண்டால் வேலை போகும். வெறும் இலக்கணம், சமயம் என்று சொன்னால் நாளைக்கு வரிசை இராது.

“அம்மா, அது ஆபாசமில்லை, தத்துவம். அந்தப் பக்கத்தை நான் மூண்டு தரம் வாசிச்சனான். ரெண்டாந் தரம் கண்ணீரே வந்திட்டுது.”

“கண்ணீரா? நான் வரி வரியாப் படிச்சவ, எங்கிட்டயா?”

“நானும் எழுத்தெண்ணி வாசிச்சவன்தான்!”

“நிப்பாட்டுங்கோ ரெண்டு பேரும்,” என்றார் குணமணி. “புத்தகம் வரட்டும். அந்தப் பக்கத்தை இப்ப இங்கேயே வாசிச்சுப் பாப்பம்.”

ரவூப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

“நூத்தி இருபத்திரண்டுங்களா? கொஞ்சம் பொறுங்க, கத்தி எடுத்துட்டு வரேன். அச்சகத்துல மடிச்ச தாளு, முதல் பதினாறு பக்கத்துக்கு அப்புறம் இன்னும் யாரும் வெட்டிப் பிரிக்கல.”