சபை குரூப்பும் ஆட்சேபணை இல்லாத செயலாளரும்

எதிர்ப்பவர்களைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. அவர்கள் மேசையைத் தட்டுவார்கள், குரலை உயர்த்துவார்கள், ஓட்டெடுப்பில் தோற்பார்கள், டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இன்று நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போவது வேறோர் இனம். எதையுமே எதிர்க்காத இனம். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல, ஆனா..." என்று மெல்ல ஆரம்பித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, நல்லபடியாக நடந்துகொண்டிருந்த ஒரு காரியத்தை அதன் சம்மதத்தோடேயே படுக்கவைத்துப் போர்த்திவிடும் இனம். பெற்றோர் சங்கத்தில் உண்டு, குடியிருப்போர் சங்கத்தில் உண்டு, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பேச்சிலும் உண்டு. எங்களுக்கு வாய்த்தவர் சபைக் கமிட்டியின் செயலாளர்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அலுவலகம்தான் என்று அவருடைய மனைவி சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரின் பிரசங்கம் இருபத்தைந்து நிமிடம். அது முடிந்ததும் இவர் மைக்கைப் பிடித்து வாசிக்கும் அறிவிப்பு இருபது நிமிடம். யாருக்கு அறுவை சிகிச்சை, யார் வீட்டில் ஜெபக் கூட்டம், பாடகர் குழு எத்தனை மணிக்குக் கூடும், யாருடைய செருப்பு யார் காலோடு போய்விட்டது என்று எல்லாமே அந்த நீல ஃபைலுக்குள் இருந்துதான் புறப்பட்டு வரவேண்டும். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். சபையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார், எல்லாரும் கிளம்பிய பிறகு நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டுத்தான் வருவார். அதனால்தான் அவரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாமல் நாங்கள் தவிக்கிறோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நடமாட முடியாதவர்களுக்கு மாதம் ஒரு வியாழக்கிழமை பாஸ்டர் வீடு தேடிப் போய், ஆலயத்தில் கொடுப்பது போலவே அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து கொடுப்பார். ஒரு மாதம் அது செவ்வாய்க்கிழமைக்கு மாறியது. மாறியதை முறைப்படி அறிவித்தோம். எங்கே? ஆலயத்தில். யாருக்கு? கையும் காலும் நன்றாக இருந்து, நடந்து வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு.

பக்கவாதம் வந்து இரண்டு வருடமாக வீட்டோடு இருக்கும் டிரைவர் அண்ணனுக்கு அது எப்படித் தெரியும்? செவ்வாய்க்கிழமை அவருடைய மனைவி அவரை உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப் போயிருந்தார். பாஸ்டரோடு போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய செயலாளர், 'வீட்டில் ஆளில்லை' என்று பதிவேட்டில் எழுதினார். வியாழக்கிழமை டிரைவர் அண்ணன் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கு, "சட்டையக் கழட்டிடு, கசங்கிடும்" என்று மனைவியிடம் சொன்னாராம்.

எங்கள் கமிட்டியில் ஒரு நர்ஸ் இருக்கிறார். அவர் அடுத்த கூட்டத்தில் எழுந்து சொன்னார்: "எல்லார் கையிலயும் போன் இருக்கு. சபைக்குன்னு ஒரு குரூப் போட்டுடலாம். தேதி மாறினா ஒரு வரி. அவ்வளவுதான்."

"ரொம்ப நல்ல யோசனை தங்கச்சி, எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல" என்றார் செயலாளர். அவர் கை மூக்குக் கண்ணாடிக்குப் போனது.

"ஆனா, எல்லார்கிட்டயும் போன் இருக்குன்னு எப்படிச் சொல்றது? தையல்காரம்மா மாதிரி வயசானவங்க என்ன செய்வாங்க?"

தையல்காரம்மா எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து போனை எடுத்து, பேரப்பிள்ளை முதல் அடி வைத்த வீடியோவைச் செயலாளருக்குக் காட்டினார். இரண்டு முறை காட்டினார்.

"சந்தோஷம். ஆனா ஜெபக் குறிப்பெல்லாம் அதுல போட்டா, குடும்ப ரகசியம் வெளிய போயிடாதா?" போன வாரம் டீ நேரத்தில் பாஸ்டர் மனைவியின் பித்தப்பைக் கல் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது என்று எங்களுக்கு விளக்கியவர் இவர்தான். பெண்களின் நம்பர் எல்லார் கைக்கும் போகுமே என்றும் ஒன்று கேட்டார். அது நியாயமான கேள்வி. நர்ஸே தலையாட்டி, ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டுக்கொள்ளலாம் என்றார். நியாயமான கேள்வி ஒன்று கைவசம் இருந்தால் போதாதா? அதன் முதுகில் ஏறி எட்டுக் கேள்விகள் வந்து இறங்கின. குரூப்புக்கு என்ன பெயர்? படமாக எதை வைப்பது, பழைய கட்டடமா, புதுக் கோபுரமா? கோபுரம் என்றால் அதில் பாதியில் நிற்கும் சுற்றுச்சுவர் தெரியுமே, பரவாயில்லையா? உறுப்பினர் பட்டியலில் பாஸ்டருக்கு முன்னால் பக்கத்துத் தெரு பெயின்டரின் பெயர் வந்தால் மரியாதையாக இருக்குமா? பெயருக்கு மட்டும் இரண்டு கூட்டம் ஆயிற்று. சுவருக்கு ஒரு துணைக் குழு போட்டோம்.

மூன்றாவது மாதம் செயலாளரே இறங்கி வந்தார். வெறுங்கையோடு வரவில்லை, ஒரு படிவத்தோடு வந்தார். குரூப்பில் சேர விரும்பும் ஒவ்வொருவரும் அதைப் பூர்த்தி செய்து, ஞாயிற்றுக்கிழமை ஆலய அலுவலகத்துக்கு வந்து, அவர் முன்னால் கையெழுத்திட வேண்டும்.

"அண்ணே, வர முடியாதவங்களுக்காகத்தானே இந்த குரூப்பே?" என்றார் நர்ஸ்.

"இல்லேன்னு சொல்லலியே தங்கச்சி. ஒரு தடவை வந்து கையெழுத்துப் போட்டுட்டா, அதுக்கப்புறம் வரவே வேண்டாம்."

"நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வரட்டுமா?"

"தாராளமா. ஆனா அவர்தான் போட்டார்னு நாளைக்கு யார் சொல்றது?"

டிரைவர் அண்ணனுக்கு வீம்பு வந்துவிட்டது. நகரத்துப் போக்குவரத்தில் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர் ஒரு படிவத்துக்கா பயப்படுவார்? அடுத்த ஞாயிறு டாக்ஸியில் வந்து இறங்கினார். ஆலயத்துக்கு ஆறு படி. பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடும் நாலு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். நாலாவது படியில் ஒருவருக்கு மூச்சு வாங்க, ஒரு நிமிடம் அண்ணன் சாய்ந்தபடியே அந்தரத்தில் நின்றார். "பிரேக் போட்டிருக்கேன், பயப்படாதீங்க" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

செயலாளர் கையெழுத்தைப் பார்த்தார். பழைய பதிவேட்டைத் திறந்து அதையும் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணா இல்லையே அண்ணே?"

"அது வலது கை போட்டது. அந்தக் கைக்குத்தான் இப்ப லீவு."

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ரெண்டு சாட்சி மட்டும் போட்டுடலாம்." போட்டோம்.

அன்று ஆராதனை முடிந்ததும் அவசரக் கமிட்டி கூடியது. டிரைவர் அண்ணன் அதற்குள் கிளம்பிவிட்டார். செயலாளரின் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது. "இத்தனை மாசம் நாம அவரைத் தேடிப் போனோம். இன்னிக்கு அவரே வந்துட்டார்! ஒண்ணே ஒண்ணுதான் யோசனையா இருக்கு. ஆறு மாசமா ஆலயத்துக்கு வர முடியாதவங்கதான் வீட்டுத் திருவிருந்துப் பட்டியல்ல இருக்கணும்னு விதி. வந்துட்டவர் பேரை அதுல எப்படி வெச்சிருக்கிறது?"

"நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க அண்ணே!" என்றார் நர்ஸ்.

"தூக்கினாங்க, நான் மறுக்கல. ஆனா வந்தாரா, இல்லையா?"

மணி பன்னிரண்டரை. எல்லாருக்கும் பசி. பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். பெயரை எடுத்துவிடலாம் என்று பதினோரு பேரில் பத்துக் கை உயர்ந்தன. உயராத கை நர்ஸுடையது. அவர் அங்கேயே ராஜினாமா எழுதினார். அதற்கும் ஒரு படிவம் இருந்தது.

குரூப் வந்துவிட்டது. எண்பத்து மூன்று பேர் இருக்கிறோம். சனிக்கிழமை காலை செயலாளர் முதல் செய்தியைப் போட்டார்: வியாழக்கிழமை வீட்டுத் திருவிருந்து, நேரம், நாலு பேருடைய பெயர்கள். ஐந்தாவது பெயர் இல்லை. ஒரு நிமிடத்தில் டிரைவர் அண்ணனிடமிருந்து பதில் வந்தது. இடது கையால் தட்டியிருப்பார்: "தகவல் உடனே கிடைத்தது. மிக்க நன்றி."

அதை எண்பத்து மூன்று பேரும் படித்துவிட்டோம். நானும் ஏதாவது எழுதத்தான் நினைத்தேன். 'உங்கள் பெயரை எடுத்தது தப்பு அண்ணே' என்று தட்டினேன். பொது இடத்தில் இப்படிப் போட்டால் செயலாளர் மனம் புண்படாதா என்று தோன்றியது, அழித்தேன். பாஸ்டரிடம் தனியாகப் பேசலாம் என்றால் அவரோ, 'பட்டியலில் பெயர் வரட்டும், உடனே போகிறேன்' என்று காத்திருக்கிறார். அடுத்த கூட்டத்தில் முறைப்படி எடுத்துச் சொல்லலாம் என்று முடிவு செய்து போனை வைத்துவிட்டேன். இன்றோடு ஒன்பது நாள். அந்த வியாழக்கிழமையும் வந்து போய்விட்டது.

என்ன, சிரிக்கிறீர்களா? நீங்களாக இருந்தால் அன்றைக்கே பளிச்சென்று பதில் போட்டிருப்பீர்களா? அப்படியென்றால் சரி. இல்லை, எழுதும்போது வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துப் போட வேண்டும், இரண்டு பேரைக் கலந்துகொள்வது நல்லது, அவசரப்படாமல் செய்யலாம் என்கிறீர்களா? தாராளமாக வாருங்கள். நர்ஸின் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.