ரேமில் பாதி

கம்பியூட்டரில் தயாராகிக்கொண்டிருந்த கலியாண வீடியோ நூற்றுக்குப் பதினெட்டு வீதத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இந்த வேகத்தில் போனால் முடிய இரவாகிவிடும். பனிச்சங்கேணியிலிருந்து நிதுர்ஷனின் ஆட்களோ அதைப் பார்ப்பதற்கென்றே வேன் பிடித்து நாலு மணிக்கு வந்து இறங்கப்போகிறார்கள்.

"எடுத்துத் தந்தாப் போதும், மிச்சத்த நான் பாக்கிறன்" என்று வீடியோக்காரனிடம் வீராப்புப் பேசியவன் நிதுர்ஷன்தான். கலியாணம் முடித்து, சித்தாண்டியில் மனைவி ஆர்த்திகாவின் வீட்டோடு வந்து ஒரு மாதமாகிறது. நாள் முழுக்கக் கம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருக்கும் மருமகன் என்னதான் வேலை செய்கிறார் என்பது மாமனாருக்கு இன்னும் பிடிபடவில்லை. இன்றைக்கு அதைக் காட்டியே தீரவேண்டும்.

ஆகவே பதினெட்டையும் கைவிட்டு, புரொசெஸரின் வேகத்தைக் கூட்டினான். அது நன்றாகவே ஓடியது. அத்தோடு விட்டிருக்கலாம், ஆசை யாரை விட்டது? ரேமின் வேகத்தையும் கூட்ட நினைத்து, எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று பெட்டியைக் கழற்றிப் பார்த்தான்.

மாமனார் வினாயகமூர்த்தி உழவு மெசின் திருத்துகிறவர். யாராவது எதையாவது கழற்றினால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. வந்து குனிந்தார். இந்தப் பச்சைப் பட்டை இரண்டும்தான் ரேம், இரண்டும் இருந்தால்தான் வீடியோ முடியும் என்று நிதுர்ஷன் பெருமையாக விளக்கினான்.

"கலியாணத்தில நடந்த எல்லாம் இருக்கோ மகன்?"

"ஓம் மாமா, ஒண்டும் வெட்டல்ல. தாலி கட்டக்குள்ள நீங்க குழறி அழுத ரெண்டு நிமிசமும் இருக்கு."

அது ஊரறிந்த கதை. மகள் எங்கும் போகவில்லை. அதே வீட்டில், அதே அறையில்தான் இருக்கப்போகிறாள். வந்து சேர்ந்தவன் மாப்பிள்ளை. பிறகு இந்த மனுஷன் எதற்கு அப்படிக் குழறினார் என்று பந்தலிலேயே சிரித்தார்கள்.

சூடு ஆறட்டும், குளித்துவிட்டு வாருங்கள் என்றார் மாமனார். பல்லி புகுந்துவிடுமாம், பெட்டியைத் தானே மூடிப் பூட்டிவிடுகிறாராம்.

குளித்து வந்து ரேமின் வேகத்தைக் கூட்டினால், கம்பியூட்டர் ரேமில் பாதியைத்தான் காட்டியது. வேகம் தாங்காமல் ஒரு பட்டை முரண்டு பிடிக்கிறது என்று முடிவுகட்டி, வேகத்தைக் குறைத்தான். பாதிதான். வோல்டேஜைக் கூட்டினான். பாதியோடு சூடும் ஏறியது. ஹோலிலிருந்த ஃபேனைத் தூக்கி வந்து பெட்டிக்குப் பிடித்தான். அங்கே வடைக்கு மா பிசைந்துகொண்டிருந்த மாமி புஸ்பம் வியர்த்துக் கொட்டினார். டைமிங் எண்களை மாற்றினான்; பத்து நிமிடம் திரை கறுத்துக் கிடந்தது. ஒருவழியாக உயிர் வந்து, வீடியோ நாற்பது வீதத்தைத் தொட்டதும், ரேம் போதாது என்று சொல்லி எல்லாம் மூடிக்கொண்டது.

"பெட்டிய இன்னொருக்காத் திறந்து பாருங்களன்" என்றாள் ஆர்த்திகா.

காலையில் பார்த்ததைத் திரும்ப என்ன பார்ப்பது, இது செட்டிங் பிழை என்று அவள்மீது எரிந்து விழுந்தான்.

நாலு மணிக்கு வேன் வந்தது. அவன் அம்மாவும் மாமிமாரும் டிவிக்கு முன்னால் வரிசையாக அமர்ந்தார்கள். நிதுர்ஷனுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வீடியோ இல்லை என்றான்.

கைகொடுத்தவர் மாமனார்தான். குளித்து, வேட்டியும் புதுச் சேட்டுமாக வந்து நின்று, விடிந்ததிலிருந்து பிள்ளை பச்சைத்தண்ணி குடிக்காமல் பாடுபட்டதை எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். தன் கையாலேயே தேத்தண்ணி கொடுத்தார். ஃபோட்டோ அல்பத்தை விரித்து, ஒவ்வொரு படத்துக்கும் கதை சொல்லிச் சிரிக்க வைத்தார். இப்படி ஒரு மனுஷனுக்கு நம்மைப் பிடிக்கவில்லையென்று ஒரு மாதமாக நினைத்திருந்தோமே என்று நிதுர்ஷன் தன்னையே நொந்துகொண்டான்.

அப்போது, கழுவுவதற்கு அழுக்குச் சேட்டுகளை அள்ளிக்கொண்டு போன புஸ்பம், ஹோலுக்குத் திரும்பி வந்தார். கையில் ஒரு பச்சைப் பட்டை இருந்தது.

"இஞ்ச மகன், மாமாட சேட்டுப் பைக்குள்ள கிடந்திச்சு. இது ஆர்ர சீப்பு, ஒரு பல்லும் இல்ல?"