தூசி அளக்கும் இயந்திரத்திற்குச் சாம்பிராணி காட்டிய வரலாறு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

நாலு வரி செந்தமிழில் எழுத வந்துவிட்டால் உலகில் யாவும் விளங்கிவிட்டதாக எண்ணும் மனிதர்கள் உண்டு. அவர்களுள் ஒருவனாகச் சாணார்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறேன். பள்ளியை எட்டாம் வகுப்போடு விட்டேன். எஞ்சிய கல்வியைத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் பொட்டலம் மடிக்கும் பழைய செய்தித்தாள்களிலிருந்து பெற்றேன். (ஆகையால் பல செய்திகளில் பாதிதான் எனக்குத் தெரியும். மறுபாதி யாரோ வாங்கிய பூவோடு போய்விட்டது.)

சில ஆண்டுகளுக்கு முன், ஊருக்குக் கிழக்கே கல் குவாரியும் ஜல்லி உடைக்கும் கிரஷரும் வரப்போவதாகத் தெரிந்தது. அந்த இடத்திற்கும் ஊருக்கும் நடுவே இருப்பது எங்கள் மல்லிகைத் தோட்டம். மொட்டில் தூசி படிந்தால் மார்க்கெட்டில் எவரும் அதைக் கையால் தொடமாட்டார்கள். "பூவு கருத்துச்சுன்னா நம்ம பொழப்பும் கருத்துருங்க" என்று சொல்லிவிட்டு, என் மனைவி பாக்கியம் உண்ணாமல் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பாள்.

அந்நாளில்தான் நிவேதா என்னும் இளம் பொறியாளர் வந்தார். குவாரியால் காற்றுக்கும் நீருக்கும் என்ன கேடு நேரும், அதனை எவ்வாறு தடுப்பது என்று முன்கூட்டியே வகுத்துத் தரும் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தைத் தயாரிப்பது அவர் பணி. அவரை நியமித்தது குவாரித் தரப்பே. முதலில், குவாரி வருமுன் ஊர்க் காற்றில் எவ்வளவு தூசி உள்ளது என்று அளக்க வேண்டுமாம். மரநிழல் விழாத மொட்டை மாடி எங்களுடையது என்பதால், இயந்திரம் எங்கள் வீட்டில் ஏறிற்று.

இரும்புப் பெட்டி போலிருந்த அது, மாவு மில்லைப் போல இரைந்தது. காற்றை உறிஞ்சி, அதிலுள்ள தூசியை ஒரு வெள்ளைத் தாளில் பிடித்து வைக்கும் என்றார்.

"நாளைக்கு இதே நேரம் வரைக்கும் ஓடணும், ஐயா. பக்கத்துல யாரும் கூட்டக் கூடாது, புகை போடக் கூடாது. பாத்துக்கிருவீங்களா?"

"இக்கணம் முதல் இவ்வியந்திரம் என் காவலில் உள்ளது, அம்மணி" என்றேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். நான் ஓர் அட்டையில், 'இங்கே புகை எழுப்புவோர் இவ்வூரின் பகைவராவர்' என்று எழுதி மாடிப்படியில் தொங்கவிட்டேன். கொசுவுக்கு வேப்பிலை கொளுத்திய பக்கத்து வீட்டாரை அதட்டி அணைக்கச் செய்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குளித்து மாடியேறியபோது என் நெஞ்சில் ஒரு குறை உறுத்தியது. கிணற்று மோட்டாராயினும் கிரைண்டராயினும், எங்கள் வீட்டிற்கு வந்த எந்த இயந்திரமும் பொட்டு வைக்காமல் ஓடியதில்லை. ஊரையே காக்க வந்த இதற்கு அந்த மரியாதை இல்லையா? சந்தனம் இட்டேன். மல்லிகைச் சரம் சூட்டினேன். சூடம் ஏற்றினேன். பிறகு தூபக்காலில் கனல் எடுத்து, சாம்பிராணியைத் தாராளமாகத் தூவி, இயந்திரத்தை வலம் வந்தேன். (சாம்பிராணியைப் புகை என்று நினைக்க அன்று என் மனம் ஒப்பவில்லை. அது காற்றைத் தூய்மை செய்வதன்றோ!) இயந்திரமும் பக்தியோடு அவ்வளவையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

நிவேதா திரும்பி வந்தபோது குவாரி மேனேஜரும் உடன் வந்தார். எடுத்த தாள் தோசைக்கல்லின் அடிப்பாகம் போலிருந்தது. நிவேதா அதை முகர்ந்தார்.

"ஐயா, இந்த ஊரு காத்துல மல்லிகை வாசம் வரலாம். சாம்பிராணி வாசம் எப்படி வந்துச்சு?"

பாக்கியம் படியிலிருந்த அட்டையைக் கழற்றி வந்து, என் கையில் கொடுத்தாள்.

மேனேஜர்தான் குதூகலித்தார். "இப்பவே இம்புட்டுத் தூசியா! அப்புறம் எங்க கிரஷர் மேல என்னத்தப் பழி சொல்லுவாக? இதையே எழுதிருங்கம்மா."

பாக்கியத்தின் முகம் வெளிறியது. எங்கள் தோட்டமே என் தூபக்காலில் எரிவது போலிருந்தது.

"இது ஊருக் காத்து இல்ல சார், ஐயா வீட்டுப் பூஜை. மறுபடி அளக்கணும்" என்றார் நிவேதா.

"யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே சார்."

இரையாமல், முகம் சுளிக்காமல் அவர் அதைச் சொன்ன விதத்தை என்னால் மறக்க இயலாது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுங்க ஐயா. புகைன்னு சொன்னேன், சாம்பிராணின்னு தனியாச் சொல்லாதது என் தப்பு" என்று சிரித்தார். மறு அளவீடு முடியும்வரை அவரே எங்கள் வீட்டில் தங்கினார். மாடிச் சாவி பாக்கியத்தின் இடுப்பில் இருந்தது. இம்முறை தாள் ஏறத்தாழ வைத்தபோது இருந்த வெள்ளையாகவே வெளிவந்தது.

குவாரிக்கு அனுமதி தருமுன் அரசு அதிகாரி ஊரில் நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் திட்டம் வாசிக்கப்பட்டது. 'இயந்திரத்திற்குச் செய்யப்பட்ட வழிபாட்டினால் முதல் அளவீடு கைவிடப்பட்டது' என்ற வரி வந்ததும் அதிகாரி நிமிர்ந்தார்.

"இயந்திரத்துக்கு வழிபாடா? யாரு செஞ்சது?"

"வேற யாரு, நம்ம பரமசிவம் அண்ணேதேன்!" என்று பின்வரிசை கூவியது.

எழுந்து கைகூப்பினேன். பந்தல் அதிரச் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார்.

"இதைப் போய் ஏன்மா அறிக்கையில எழுதுனீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒரு அளவை விட்டுட்டா ஏன் விட்டோம்னு எழுதணும் சார்" என்றார் நிவேதா.

சிரிப்பு மெல்ல அடங்கிற்று. இதைக்கூட மறைக்காத பெண் மற்றதில் பொய் எழுதியிருக்க மாட்டாள் என்று ஊர் நம்பியது. அதிகாரியும் நம்பினார் என்றே நினைக்கிறேன். கிரஷரைத் தகரத்தால் மூட வேண்டும், பாதையில் தண்ணீர் தெளிக்க வேண்டும், தோட்டத்தின் பக்கம் மரவரிசை வளர்க்க வேண்டும், எங்கள் மாடியிலேயே அவ்வப்போது தூசியை அளக்க வேண்டும் என்று நிவேதா வகுத்தவை அனைத்தும் குவாரி அனுமதிக்கு நிபந்தனைகளாயின.

குவாரி இன்று ஓடுகிறது. மொட்டும் வெள்ளையாகவே மார்க்கெட்டுக்குப் போகிறது. இயந்திரம் வரும் நாளில் பாக்கியம் நிவேதாவின் தலையில் ஒரு முழம் மல்லிகை வைத்துவிட்டு, என் கையில் பையைத் தருவாள். திண்டுக்கல்லில் உள்ள என் தமக்கை வீட்டிற்கு நான் கிளம்ப வேண்டும்.

"தண்ணி தெளிக்கிறது அவுக வேல. இவர ஊர விட்டு அனுப்புறது என் வேல" என்பாள்.

பையோடு வாசலில் நிற்கும் என்னைக் கண்டதும், "வாப்பா, மெஷினு வந்துருச்சா?" என்று கேட்பாள் என் தமக்கை.

ஊர்க் காற்றைக் காக்கும் ஏற்பாடுகளுள் நானும் ஒன்றாகிவிட்டமையால், இவ்வரலாற்றை அவ்வறிக்கையோடு சேர்த்துத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.