இருபது கஜம் காணவில்லை

சேசு மரி சூசை

பாலக்கரை, திருச்சி
14.10.1958

மதுரையிலிருக்கும் பிரிய அண்ணன் இருதயநாதன் அவர்களுக்கு, தங்கை லூர்துராணி தோத்திரத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் அவரும் குழந்தையும் சர்வேசுரன் கிருபையால் சுகம். தங்கள் கடிதத்துக்குப் பதில் பத்து நாள் பிந்திவிட்டது. பத்து நாளும் தங்களைத் திட்டுவதிலேயே போய்விட்டது.

மில்லில் பிட்டராக இருக்கிற மனுஷன் என்று நம்பித்தானே உங்கள் பேச்சைக் கேட்டோம். உங்கள் மில்லில் ஒரு பழைய தறி ஏலத்துக்கு வருகிறது, அறுபது அங்குல அகலம், நிமிஷத்துக்கு நூற்று முப்பத்திரண்டு தரம் நூலைச் சுமந்து நாடா குறுக்கே பாயும், ஆக நிமிஷத்துக்கு இருநூற்றிருபது கஜம் ஊடை நூல் உள்ளே போகும் என்று எழுதினீர்கள். அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் இவர் அரியமங்கலத்து முதலாளி அழகிரியை அதை எடுக்கவைத்தார். தறி வந்து மாட்டியதும், "கிளமென்ட், உங்க மச்சான் கணக்கு சரிதானான்னு எண்ணிச் சொல்லுங்க" என்றார் முதலாளி. இவருக்கோ அந்தச் சத்தத்தில் முப்பதுக்கு மேல் எண்ணிக்கை தப்பிவிடும். "நீதான் பி.ஏ. கணக்கு படிச்சவளாச்சே, வந்து எண்ணேன்" என்றார்.

சாப்பாட்டுத் தூக்கோடு போனேன். குழந்தையை நூல் சுற்றுகிற பவுனம்மாளிடம் கொடுத்தேன். இவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த இரைச்சலில் வாய்க்கணக்கு நிற்காதென்று, நீங்கள் வேளாங்கண்ணியில் வாங்கித் தந்த ஜெபமாலையை எடுத்தேன். நாடா ஒரு தரம் பாய்ந்தால் ஒரு மணி; பத்து முடிந்தால் இடக்கையில் ஒரு விரல் கணு. தினமும் உருட்டுகிற விரல், தப்புமா? நிமிஷம் முடிய நாலு விரலும் தீர்ந்து, சரியாகப் பன்னிரண்டு பத்து. நூற்றிருபது. அறுபதால் பெருக்கி முப்பத்தாறால் வகுத்தால் இருநூறு கஜம். மூன்று தரம் எண்ணினேன், மூன்று தரமும் அதுவே. பாக்கி இருபது கஜம் எங்கே அண்ணா? மதுரையிலேயே இறங்கிக்கொண்டதா?

இவர் உத்தமர், அப்படியே போய்ச் சொல்லிவிட்டார். முதலாளி கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "மச்சானும் மாப்பிள்ளையுமா சேர்ந்து ஓட்டைத் தறிய என் தலையில கட்டிட்டீங்க. வியாழக்கிழமையிலேருந்து துறையூர் நூல் கிடங்கைப் பாத்துக்குங்க." ஆறு வருஷம் தறி மாஸ்டராக இருந்தவர் இனி நூல் மூட்டைக்குக் காவல். எட்டு மாதக் குழந்தை, பல் முளைக்கிற காய்ச்சல், நான் இங்கே ஒண்டியாக. பவுனம்மாள் வேறு, "உங்கண்ணன் கணக்கு நல்லா நீளமாத்தான் இருக்குங்க, நூலுதான் எட்டல" என்கிறாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இனி தறி, நாடா, கஜம் என்று ஒரு வார்த்தை எழுதினாலும் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பிவிடுவேன். கிறிஸ்துமஸுக்கு இந்தப் பக்கம் வரவேண்டாம். அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், உங்களுக்கு ஒன்றுமில்லை. ஒன்று, இரண்டு எண்ணத் தெரிகிற புத்தியை மாதா உங்களுக்கு அருள்வாளாக.

லூர்துராணி

பி.கு.: இந்தப் பத்து நாளாகக் கோபத்தில் விட்டுப்போன குடும்ப ஜெபத்துக்கு, உறையை ஒட்டுமுன் இன்றுதான் உட்கார்ந்தோம். பத்து அருள்நிறை மந்திரம் முடிந்து, பெரிய மணியைப் பிடித்துப் பரலோக மந்திரம் ஆரம்பித்தேன். விரல் அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் பெரிய மணியை ஜெபத்தில் பத்தோடு சேர்த்து எண்ணுகிற வழக்கமில்லை. தறி முன்னாலும் நான் எண்ணவில்லை. ஆனால் அதையும் ஒரு பாய்ச்சலுக்கு உருட்டியிருக்கிறேன். பன்னிரண்டு பத்துக்குப் பன்னிரண்டு பெரிய மணி. நூற்று முப்பத்திரண்டு. இருநூற்றிருபது கஜம்.

இவர் பெட்டியைக் கட்டிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் இன்னும் இவரிடம் சொல்லவில்லை. காலையில் முதலாளி எதிரிலேயே மறுபடி எண்ணப் போகிறேன், இந்தத் தடவை புளியங்கொட்டை. உங்கள் மேல் கோபம் மட்டும் தீரவில்லை. அந்த ஜெபமாலையை வாங்கித் தந்தது நீங்கள்தானே. கிறிஸ்துமஸுக்கு வாங்க, நேரில் வைத்துக்கொள்கிறேன்.