சில்லு வைத்த வீட்டுக்குக் குடிபூரல்

எங்கள் சனத்துக்கு இரண்டு பூசைகள் தலைகீழ்ப் பாடம். வீடு வாங்கினால் பால் காய்ச்சிக் குடிபூருவது. கார் வாங்கினால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்குவது. இரண்டிலும் சேராத ஒன்றை வாங்கி, ஐயரையே தலையைச் சொறிய வைத்த பெருமை ரொறன்ரோவில் எனக்குத்தான் சேரும். (வேறு யாராவது உரிமை கோரினால் சந்தோசமாக விட்டுக்கொடுப்பேன்.)

நான் வாங்கியது ஆர்.வி. ஓட்டுகிற இருக்கைக்குப் பின்னால் அடுப்பு, மேசை, கட்டில், கழிவறை என்று ஒரு முழு வீட்டையும் திணித்து வைத்திருக்கும் வாகனம். விடுமுறையில் ஊர் சுற்ற இல்லை, முழுநேரமும் குடியிருக்க. காரணம் சம்பல். தேங்காய்ச் சம்பல் நிறத்தில், கன்றுக்குட்டிப் பருமனில், யாரோ கைவிட்டுப் போய்க் காப்பகத்தில் கிடந்த நாய். நான் வாடகைக்கு இருந்த பேஸ்மென்டின் சொந்தக்கார அன்ரி ஒருநாள் படியில் நின்றபடி சொன்னா, "பிள்ளை, ஒண்டில் நாய் போகோணும், இல்லாட்டி நீர் போகோணும்." நான் நாயைப் பார்த்தேன். நாய் என்னைப் பார்த்தது. இரண்டு பேருமே போனோம்.

தொலைபேசியில் இருந்தபடியே காப்புறுதி வேலை பார்ப்பவள் நான். வீடு எங்கே நின்றால் முதலாளிக்கு என்ன? மோர்னிங்சைடுக்கு அங்காலே, ஆற்றங்கரையில், மரங்களுக்கு நடுவே வாகனங்களை நிறுத்திக் குடியிருக்கும் இடம் ஒன்று கிடைத்தது. கட்டில் சிறியது. சம்பல் குறுக்கே படுக்கும், மிச்சம் விட்ட மூலையில் நான் ஒட்டிக்கொள்வேன். அது புரண்டால் நானும் புரள வேண்டும். கூரையில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டு இரண்டு பேரும் காதை உயர்த்திக்கொண்டு படுத்திருப்போம். நாற்பது வயதில் அப்படி ஒரு நிம்மதி எனக்கு வரும் என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

ஆனால் அம்மா பேச்சை நிறுத்திவிட்டா. மில்லிக்கனில் அண்ணா வீட்டில் இருப்பவ. விசயம் கேள்விப்பட்ட அன்றைக்கு, "வீடு வாசல் இல்லாமல் நாயோடை றோட்டிலையோ?" என்று ஒரேயொரு கேள்வி. அதோடு சரி. நான் போன் எடுத்தால் சத்தம் போடாமல் அண்ணாவிடம் கொடுத்துவிடுவா. பகிடியாக எழுதுகிறேனே தவிர, அப்போது எனக்கு நெஞ்சு அறுந்தது. வசந்தத்தில் தொடங்கிய மௌனம் இலை பழுக்கும் வரை நீண்டது.

கடைசியில் அண்ணாதான் தூது வந்தான். "முறைப்படி குடிபூரல் செய்தால் அம்மா வந்து பாப்பாவாம். இந்த ஒருக்காத்தான். ஒழுங்கா நடத்து, விளங்குதோ?"

எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. தோரணம், நிறைகுடம், குத்துவிளக்கு, கரும்பு எல்லாம் தேடி வாங்கினேன். தோரணத்தின் ஒரு தலையை வாசல் கைப்பிடியிலும் மறுதலையைப் பக்கத்து மேப்பிள் மரத்திலும் கட்டினேன். அண்ணா மூலம் வந்த அம்மாவின் கட்டளைப்படி சம்பலையும் அதே மரத்தில் கட்டினேன். (இந்த இரண்டு முடிச்சுகளையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியர்க்கும்.)

ஐயர் வந்து வாகனத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "தங்கச்சி, உது வீடோ, வானோ?"

"ரெண்டும்தான் ஐயா."

"அப்ப ரெண்டையும் செய்துவிடுவம். ஆனா கெதியா. நல்ல நேரம் முடியப்போகுது."

நேரம் குறைவு என்பதால் பால் அடுப்பில் ஏறியது. அம்மா பட்டுச்சேலையோடு உள்ளே போய்ச் சட்டிக்குக் காவல் நின்றா. என்னைக் கடந்து போகும்போது கண் நிமிர்த்தவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணா போனில் திசை பார்த்துவிட்டு, "எடி, வாசல் தெற்கைப் பாக்குது" என்றான். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் அவனுக்கு வந்தது. "தெற்கு வாசலிலை பால் பொங்கினால் விளங்கினமாதிரித்தான். உவளிட்டைச் சொல்லு."

அப்போதுதான் எனக்குள் இருந்த மேதாவி விழித்துக்கொண்டாள். ரொறன்ரோவிலேயே வாஸ்து பிழைத்தால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருத்தக்கூடிய ஒரே வீடு என்னுடையதல்லவா! அம்மாவுக்கு முன்னால் அதைக் காட்டிவிட வேண்டும் என்ற சந்தோசப் புளுகத்தில், "இந்தா, கிழக்குக்குத் திருப்புறன்!" என்று ஏறி எஞ்சினை உயிர்ப்பித்தேன். ஐயரும் உற்சாகமாகி, "நல்லது, அப்படியே தேசிக்காயிலையும் ஏத்துங்கோ" என்று சில்லுகளுக்குக் கீழே வைத்தார்.

வாகனத்தோடு தண்ணீர்க் குழாய் பூட்டியிருந்தது. கரண்ட் வயர் பூட்டியிருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா எழும்பி நின்றுகொண்டிருந்தா. இந்த நாலும் எனக்கு ஞாபகம் வரவில்லை. தேசிக்காய் நசுங்கிய சத்தம் மட்டும் கேட்டது, நான் பெருமையோடு இடது பக்கம் ஒடித்தேன்.

எஞ்சின் சத்தம் கேட்டால் சம்பலுக்கு உயிர் போய்விடும். ஒருமுறை யாரோ விட்டுவிட்டுப் போன நாய் அது. கழுத்துப் பட்டியை உருவிக்கொண்டு, திறந்திருந்த வாசலால் ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்தது. தோரணம் அறுந்தது. தண்ணீர்க் குழாய் பிடுங்கிக்கொண்டு பாம்பு மாதிரி எழும்பி ஐயருக்கு அபிசேகம் செய்தது. "நிப்பாட்டடி! ஐயோ, நிப்பாட்டு!" என்று அண்ணா குழறிக்கொண்டு பக்கத்தில் ஓடிவந்தான். நான் பிரேக்கை மிதித்தேன். பின்னால் சட்டி விழுகிற சத்தம்.

அம்மா விழுந்துவிட்டா என்றுதான் நினைத்தேன். இருக்கைகளுக்கு நடுவால் பின்னுக்கு ஓடினேன். அடுப்பு அணைந்திருந்தது. பால் நிலமெல்லாம் ஓடியிருந்தது, நல்லவேளை இன்னும் சூடேறியிருக்கவில்லை. மேசையோரத்து வாங்கில் இருக்கையில் அம்மா இருந்தா. சேலை நனைந்திருந்தது. தெருவில் நாயைக் கண்டால் மற்றப் பக்கம் மாறிப் போகிற அம்மா, இரண்டு கையாலும் சம்பலின் கழுத்தைக் கட்டிப் பிடித்திருந்தா. சம்பல் அவவின் மடியோடு சாய்ந்து, ஆடாமல் அசையாமல் முட்டுக்கொடுத்து நின்றது. எனக்கு அது ஒருநாளும் அப்படி அடங்கி நின்றதில்லை.

"அம்மா, நோகுதோ?"

பதில் இல்லை. இனி ஆயுளுக்கும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. பிறகுதான் கவனித்தேன், அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தா. குலுக்கிய குலுக்கலில் ஜன்னல் மறைப்பு கழன்று விழுந்திருந்தது.

கண்ணாடி முழுக்க ஆறு. காலை வெயில் அக்கரை மரங்களில் விழுந்து, சிவப்பும் மஞ்சளுமாய்க் கரை முழுக்க எரிந்துகொண்டிருந்தது. கணுக்கால் அளவு தண்ணீரில், கற்களுக்கு நடுவே, கை நீளமான மீன்கள் முதுகு தெரிய எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருந்தன. ஒன்று பாறைக்கு மேலே துள்ளியது, விழுந்தது, திரும்பவும் துள்ளியது.

"பிள்ளை," என்றா அம்மா. "உங்கை பார். தண்ணிக்கு எதிரா ஏறுது."

என்னைத்தான் கூப்பிட்டா. அண்ணாவை இல்லை.

"ஓம் அம்மா. ஏரியிலையிருந்து முட்டை போட வருகுதுகள்."

"உதை நீ ஒவ்வொரு நாளும் பாக்கிறனியோ?"

உண்மையைச் சொன்னேன். இத்தனை மாதமும் ஆற்றைப் பார்த்து நின்றது என் கழிவறைச் சுவர். மேசை ஜன்னல் குப்பைத்தொட்டிகளைப் பார்த்ததால் மறைப்பை இழுத்து மூடிவிட்டேன். வாகனத்தைத் திருப்பலாமே என்று ஒருநாளும் தோன்றவில்லை.

"விசரி!" என்று அம்மா வெடித்தா. "இப்பிடியொரு ஆத்தை வைச்சுக்கொண்டு குப்பைத்தொட்டியோடை குடும்பம் நடத்தினியோ? உனக்கு மூளை எங்கை கிடக்கு?" நிறுத்தாமல் ஏசினா. நான் அந்த ஏச்சைக் கேட்டபடி அழுதுகொண்டு சிரித்தேன். ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே எட்டிப் பார்த்த ஐயர், ஒன்றும் விளங்காமல், மிச்சப் பாலை ஊற்றி அடுப்பை மூட்டினார்.

அம்மா வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பாலைப் பொங்கி வழிய விட்டதில்லை, குடிபூரலில்கூட விளிம்புக்கு வந்ததும் அடுப்பைக் குறைத்துவிடுவா. அன்றைக்கு மீனைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் மறந்துபோனா. பால் பொங்கியது, வாசல் பக்கமாக வழிந்தது, அடுப்பு நனைந்தது, புகை அலாரம் வீரிட்டது, சம்பல் ஊளையிட்டது. "கிழக்காலை பொங்கியிருக்கு, அமோகம்!" என்று ஐயர் கத்தினார். (மீனைக் கறிவைக்கலாமோ என்று அம்மா கேட்டது வெகுநேரம் கழித்துத்தான்.)

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் வீடு பார்க்கப் போய் வாசல் சரியில்லை என்று முகத்தைச் சுழித்தாலும், "சாவியைத் தாங்கோ, திருப்பிவிடுவம்" என்பான் அண்ணா. ரெக்ஸ்டேலில் மச்சாள் வீடு வாங்கினபோது தரகருக்கு முன்னாலேயே சொல்லி மானத்தை வாங்கினான்.

போன மாதம் ஒரு கலியாண மண்டபத்தில் யாரோ ஒரு அன்ரி அம்மாவிடம் குசுகுசுத்தா. "உங்கடை மகளுக்கு இன்னும் ஒரு வீடு வாசல் அமையேல்லையாமே, பாவம்."

அம்மா வடையைக் கடித்தபடி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஆர் சொன்னது? என்ரை பிள்ளையின்ரை வீட்டுக்கு நாலு பக்கமும் கிழக்கு."